எடுப்பான நிறம் எது? தோலும் துணியும் வெளிச்சமும் பற்றிய ஒரு பழைய விவாதம்

எந்த நிறத் துணி யாருக்கு எடுப்பாக இருக்கும் என்பதை விதியாக வகுத்துச் சொல்ல முடியுமா? ஜவுளி வியாபாரத்தால் 'குட்டி சூரத்' என்று பெயரெடுத்த பர்கூரில் இந்தக் கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்கிறார்கள். கடைக்காரர் புடவை மடிப்பைப் பிரித்து, முந்தானையை வாடிக்கையாளரின் தோளில் போட்டு, கண்ணாடி முன் நிறுத்துகிறார். 'உங்க கலருக்கு இது தூக்கிக் காட்டும்' என்றோ 'இது டல்லடிக்குது, வேற பாருங்க' என்றோ உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. கூட வந்த அக்காவோ மாமியாரோ அதை ஒப்புக்கொள்வார்கள், அல்லது மறுப்பார்கள். விவரமானவர்கள் புடவையை வாசல்வரை எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகே பில் போடச் சொல்வார்கள்.

சியோல் நகரத்து ஸ்டூடியோக்களில் இதே வேலைக்கு 'பெர்சனல் கலர்' என்று பெயர். அங்கே தலைமுடியை வெள்ளைத் துணியால் மூடி, பகலொளிக்கு நிகரான விளக்கின் கீழ் ஆளை உட்காரவைத்து, கழுத்தடியில் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில் 'ஸ்பிரிங்', 'டீப் ஆட்டம்' என்று ஒரு வகையைச் சொல்லி, பொருந்தும் நிறங்களின் மாதிரி அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். இந்தப் பழக்கம் இந்தியப் பெருநகரங்களுக்கும் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் பணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கைபேசிச் செயலிகளோ செல்ஃபி ஒன்றை வைத்தே வகை சொல்கின்றன.

பர்கூர் கடைக்காரரின் தீர்ப்பும் ஸ்டூடியோவின் அட்டையும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்று ஆராய ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் தோதான இடம். காஞ்சிபுரத்துக்கும் மைசூருக்கும் நடுவே, இரண்டு பட்டு மரபுகளும் சந்திக்கும் எல்லை இது. இங்கே பட்டுக்கூடு விளைகிறது, தங்க நகை தயாராகிறது, வண்டிகளுக்குப் பூசும் பெயின்டின் நிறத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். பல்லாயிரம் பேர் வாரத்தில் ஆறு நாளும் சீருடை அணிகிறார்கள்.

தோலைப் பார்க்காத விதிகள்

மனிதர்கள் நெடுங்காலம் தோலைப் பார்த்து உடை நிறத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சந்தர்ப்பம், சாமி, சாதி, கையிருப்பு ஆகியவைதாம் அதை முடிவு செய்தன. கூறைப் புடவை அரக்கிலோ சிவப்பிலோதான் இருக்க வேண்டும். மணப்பெண்ணின் மேனி நிறத்தை யாரும் கேட்பதில்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர் கறுப்போ நீலமோ உடுத்துகிறார், மேல்மருவத்தூருக்குப் போகிறவர் சிவப்பு உடுத்துகிறார். நவக்கிரகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வஸ்திர நிறம் உண்டு. நாள்காட்டியின் ராசிபலன் பக்கத்தில் வரும் 'அதிர்ஷ்ட நிறம்' அந்த மரபின் இன்றைய எச்சம். நாட்டிய சாஸ்திரம் ஆகார்ய அபிநயம் பற்றிப் பேசுமிடத்தில் பாத்திரங்களின் உடல் வண்ணத்தையும் உடையையும் வகுக்கிறது. ஆனால் அது நடிகருக்குச் சொன்ன விதி. பாத்திரம் யாரென்று காட்டுவதே அதன் நோக்கம்.

இதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு என்று எண்ணிச் சொல்லக்கூடிய சில சாயங்களே புழங்கிய காலத்தில் 'எனக்கு எது பொருந்தும்' என்று கேட்கப் பெரும்பாலோருக்கு வாய்ப்பே இல்லை. 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததற்குப் பின்தான் நூற்றுக்கணக்கான நிறங்கள் சாமானியர் கைக்கு எட்டின. தேர்வு வந்த பிறகே அறிவுரைக்கும் இடம் வந்தது.

ஷெவ்ரல் கண்டதும் காணாததும்

தோலையும் துணியையும் சேர்த்து முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஒரு வேதியியலாளர். மிஷேல் யூஜின் ஷெவ்ரல் 1824இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கறுப்புச் சாயம் போதிய கறுப்பாக இல்லை என்று நெசவாளர்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குறை எதுவும் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நீலமோ ஊதாவோ வரும்போது கண்ணுக்கு அந்தக் கறுப்பு மங்கித் தெரிந்தது, அவ்வளவுதான். 1839இல் வெளியான அவருடைய பெருநூல் இதை விதியாக்கியது: அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தமக்கு எதிர்த்திசையில் தள்ளுகின்றன. அதே நூலில் உடைகளைப் பற்றியும் எழுதினார். வெளுத்த முகத்தை ஒட்டி மெல்லிய பச்சை இருந்தால் முகத்தில் ரோஜாச் சாயல் கூடித் தெரியும் என்பது அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று.

இந்த விதி இன்றும் நிற்கிறது. சிக்கல், அது தனியாக வேலை செய்வதில்லை என்பதில் இருக்கிறது. அடர் பச்சைப் பட்டு ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷெவ்ரலின் விதிப்படி அது முகத்தைச் சற்றுச் செம்மையாகக் காட்ட வேண்டும். அதே பட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தாடைக்கு அடியில் பச்சையாக விழுகிறது. அது முகத்தைப் பச்சைப் பக்கம் இழுக்கிறது. எதிரெதிரான இந்த இரண்டு விளைவுகளில் எது மேலோங்கும் என்பதைத் துணியின் பளபளப்பு, கழுத்தின் வெட்டு, விளக்கு மேலிருந்து வருகிறதா பக்கத்திலிருந்து வருகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். மங்கலான பருத்தித் துணியும் மின்னும் பட்டும் ஒரே நிறத்தில் இருந்தாலும் முகத்தில் ஒரே விளைவைத் தருவதில்லை.

மூன்றாவது சங்கடத்தை 1874இல் வில்ஹெல்ம் ஃபான் பெட்சோல்ட் காட்டினார். கோடுகள் மிக மெல்லியதாக இருந்தால் பக்கத்து நிறங்கள் விலகுவதற்குப் பதிலாக ஒன்றில் ஒன்று கரைந்து தெரியும். பொடிக் கட்டம் போட்ட சேலை தூரத்திலிருந்து மூன்றாவது ஒரு நிறமாகத் தெரிவது இதனால்தான். ஆக, வண்ண அட்டையில் உள்ள ஒரு தனி நிறச் சதுரத்தை வைத்து முழுப் புடவைக்குத் தீர்ப்புச் சொல்வது ஆரம்பத்திலேயே பலவீனமான வழி.

நான்கு பருவங்கள் வந்த வழி

20ஆம் நூற்றாண்டில் கவனம் துணியிலிருந்து ஆளுக்கு மாறியது. ஜெர்மனியின் பௌஹாஸ் கலைப்பள்ளியில் முன்பு கற்பித்த ஓவியர் யோகனஸ் இட்டன், 1928இல் ஒரு வகுப்பில் தாம் கொடுத்த 'இணக்கமான' வண்ணச் சேர்க்கைகளை மாணவர்கள் ஏற்க மறுத்ததைக் கண்டார். அவரவருக்குப் பிடித்த சேர்க்கையைத் தீட்டச் சொன்னபோது ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகத் தீட்டினார்கள். அந்தச் சேர்க்கைகளுக்கும் மாணவரின் தோற்றத்துக்கும் இயல்புக்கும் உறவு இருப்பதாக அவர் கருதினார். 1961இல் வெளிவந்த அவருடைய வண்ணக்கலை நூலில் இந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. அது ஆசிரியர் ஒருவரின் கூர்மையான கவனிப்பு. சோதனை என்று அதைச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் ஆடை வடிவமைப்பாளர் சூசன் கேகில் ஆட்களைப் பருவங்களோடு சேர்த்து வகைப்படுத்தினார். பெர்னிஸ் கென்ட்னரின் நூல் 1978இல் வந்தது. 1980இல் கரோல் ஜாக்சன் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்' அந்தக் கருத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அதன் கணக்கு எளிமையானது. தோலில் மஞ்சள் சாயல் ஓடினால் 'வார்ம்', நீலச் சாயல் ஓடினால் 'கூல்'. வெதுவெதுப்பில் வெளிர்ந்தது ஸ்பிரிங், ஆழ்ந்தது ஆட்டம். குளிர்ச்சியில் வெளிர்ந்தது சம்மர், ஆழ்ந்தது வின்டர். பிறகு வந்தவர்கள் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வகுத்த மூன்று அளவுகளை, அதாவது நிறம், வெளிர்மை, செறிவு ஆகியவற்றைச் சேர்த்து 12 வகை, 16 வகை என்று விரித்தார்கள்.

இந்த முறைக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. நிறத்தின் பெயரை விட அதன் வெளிர்மையும் செறிவும் முக்கியம் என்பதை அது சாதாரண வாசகருக்குப் புரியவைத்தது. 'எனக்குப் பச்சை ஒத்துவராது' என்று ஒதுக்கிவந்த ஒருவர் கிளிப்பச்சையையும் பாசிப்பச்சையையும் ராமர் பச்சையையும் தனித்தனியாக எடைபோடத் தொடங்குவது சிறிய முன்னேற்றமல்ல. ஆனால் நம் பக்கத்துப் புடவைக் கடைகளுக்கு அந்த நுணுக்கம் புதியதில்லை. அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, காப்பிப்பொடி, வெங்காயக் கலர் என்று அங்கே புழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் நிறத்தோடு அதன் ஆழத்தையும் சேர்த்தே சொல்கின்றன.

வின்டரில் அடைபட்ட உலகம்

பருவ முறையின் பெரிய ஓட்டை அதன் பிறப்பிடத்திலேயே இருக்கிறது. பொன்முடி, செம்முடி, பழுப்புமுடி, நீலக்கண், பச்சைக்கண், பழுப்புக்கண் என்று பிரிந்து கிடக்கும் வட ஐரோப்பிய வம்சாவளித் தோற்றங்களைப் பிரிக்கத்தான் அந்த நான்கு அறைகளும் கட்டப்பட்டன. கருமுடியும் கருவிழியும் கொண்ட ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினரில் பெரும்பாலோரை ஜாக்சனின் நூல் வின்டரிலேயே சேர்த்தது. உலக மக்கள்தொகையின் பெரும்பகுதி ஓர் அறையில், மீதிப்பேர் மூன்று அறைகளில். ஒரு வகைப்பாடு தன் முன்னால் இருக்கும் வேறுபாட்டைப் பிரித்துக் காட்டவில்லை என்றால் அது அந்த மக்களுக்குப் பயன்படும் வகைப்பாடு அல்ல. 1991இல் ஜீன் பேட்டன் கறுப்பினப் பெண்களுக்கென்றே தனி வண்ண வழிகாட்டி நூல் எழுத வேண்டியிருந்தது இதனால்தான்.

தோலை அளந்த மற்ற அளவுகோல்களும் இதே வழியில்தான் வந்தன. தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் உருவாக்கிய வகைப்பாடு முதலில் வெள்ளைத் தோலை மட்டும் நான்காகப் பிரித்தது. பழுப்புக்கும் கறுப்புக்குமான இரண்டு வகைகள் பின்னால் ஒட்டப்பட்டன. ஒளிப்படக் கூடங்கள் நிறம் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக்கின் 'ஷர்லி' அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்களின் முகமே இருந்தது. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த 10 படிகள் கொண்ட தோல் நிற அளவுகோலை கூகுள் 2022இல் வெளியிட்டது அந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சி.

இந்தியத் துணைக்கண்டத்துத் தோல் நிறத்தின் பரப்பு இந்த அளவுகோல்களுக்குப் பெரிய சோதனை. 2013இல் 'ப்ளோஸ் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு, எஸ்.எல்.சி.24.ஏ.5 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் இங்குள்ள நிற வேறுபாட்டின் ஒரு பங்கை விளக்குவதாகக் காட்டியது. ஒரே ஊரில், பல சமயம் ஒரே வீட்டில், மாநிறமும் கருமையும் வெளுப்பும் சேர்ந்திருப்பது நமக்குப் பழகிய காட்சி. ஓசூரிலோ தமிழ், தெலுங்கு, கன்னடக் குடும்பங்களோடு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இத்தனை பேரையும் வின்டர் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

மாறுநிற பார்டரும் ஒருநிறப் பட்டும்

மேலைநாட்டு முறைகள் ஓர் ஆளுக்கு ஒரு நிறத் தொகுப்பைத் தேடின. பட்டு நெசவு அதே பிரச்சினையை வேறு வழியில் அணுகியது. காஞ்சிபுரத்தின் கோர்வைப் புடவையில் உடலும் பார்டரும் வெவ்வேறு நிறத்தில், தனித்தனித் தறிநாடாவில் நெய்யப்பட்டுக் கோர்க்கப்படுகின்றன. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் பார்டர், கருநீல உடலுக்குக் குங்குமச் சிவப்பு பார்டர் என்று, மோதும் இரண்டு நிறங்கள் ஒரே துணியில் வந்துவிடுகின்றன. மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். உடுத்தியவர் அசையும்போது நிறமும் மாறும். எல்லைக்கு அந்தப் பக்கம், 1912இல் மைசூரில் தொடங்கிய அரசு நெசவாலையின் மரபில் வந்த மைசூர்ப் பட்டு பெரும்பாலும் ஒரே உடல் நிறமும் ஒரு சரிகைக் கரையும் மட்டுமே கொண்டது. ஓசூர் வீடுகளின் பீரோக்களில் இரண்டும் உண்டு.

இரண்டையும் ஒப்பிட்டால் ஷெவ்ரலின் கேள்வியே மாறிவிடுகிறது. காஞ்சிப் பட்டில் முரண் துணிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தோல் அதில் மூன்றாவது நிறமாகச் சேர்கிறது. மைசூர்ப் பட்டில் முரண் துணிக்கும் தோலுக்கும் நேரடியாக ஏற்படுகிறது. எனவே ஒருநிறப் பட்டில்தான் தேர்வு கூடுதல் கவனத்தைக் கேட்கும் என்று ஊகிக்கலாம். கடைகளில் ஒருநிறப் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும் நேரம் நீள்வதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

வகைப்பாட்டு நூல்கள் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. புடவை உடுத்தியவரின் முகத்துக்கு மிக அருகில் இருப்பவை ரவிக்கையும் தோள் மடிப்பும்தான். ஆறு கெஜத்தில் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது. 'முகத்துக்கு ஒத்துவராத' நிறத்தில் ஆசைப்பட்டு எடுத்த புடவைக்கு வேறு நிற ரவிக்கை தைத்துப் போட்டுச் சமாளிப்பது பெண்கள் தாமாகக் கண்டுகொண்ட தீர்வு. சுடிதாருக்குத் துப்பட்டா அதே வேலையைச் செய்கிறது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்து எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் புகழ்பெற்ற 'எம்.எஸ். புளூ', அந்தப் பாடகியின் மேனிக்கு மட்டும் பொருந்தும் நிறமாக நின்றுவிடவில்லை. எல்லா நிறத்துப் பெண்களும் அதை விரும்பி வாங்கினார்கள். தோலின் பொருத்தம் மட்டுமே ஒரு நிறத்தை நிலைக்கவைப்பதில்லை. நினைவுக்கும் மதிப்புக்கும் அதில் பங்குண்டு.

சிவப்பாகக் காட்டும் நிறம்

இந்த விவாதத்தில் மிகவும் கவலைப்பட வேண்டிய பகுதி இதுதான். தமிழ்நாட்டில் 'எடுப்பா இருக்கு' என்ற பாராட்டு, பல வேளைகளில் 'சிவப்பா தெரியறே' என்பதன் மறுபெயர். இந்துஸ்தான் லீவர் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது. அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 2009இல், சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. கிரீம் டப்பாவில் நடந்த இந்தச் சண்டை ஜவுளிக் கடைக்குள் சத்தமில்லாமல் தொடர்கிறது. கருமையான பெண்ணிடம் 'டார்க் கலர் வேண்டாம், லைட்டா எடு' என்று சொல்லாத வீடு குறைவு.

அந்த அறிவுரை தன் நோக்கத்துக்கே ஒத்துவருவதில்லை என்பதுதான் உண்மை. ஷெவ்ரலின் விதி வெளிர்மைக்கும் பொருந்தும்: வெளிர்ந்த துணிக்குப் பக்கத்தில் கருமையான தோல் இன்னும் கருமையாகத் தெரியும், அடர்ந்த துணிக்குப் பக்கத்தில் வெளிர்ந்து தெரியும். வெளிர் துணி தாடையில் கொஞ்சம் வெளிச்சத்தைத் தெறிக்கவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், 'லைட்டா எடு' என்ற விதிக்கு உறுதியான அடிப்படை எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது, கருமையைக் குறையாகக் கருதும் பார்வை மட்டுமே. கருமேனியில் வெள்ளைக் கதர்ச் சட்டை தரும் கூர்மையான முரணைக் காமராசரின் படங்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய நாடு இது. அந்தத் தோற்றத்தைக் கம்பீரம் என்று சொல்லத் தயங்காதவர்கள், அதே முரணை ஒரு பெண்ணின் உடையில் பார்த்ததும் 'கறுப்பா காட்டுது' என்கிறார்கள். நிறப் பொருத்தம் பற்றிய எந்த முறையும் தன் அளவுகோல் எது என்று முதலில் சொல்லியாக வேண்டும். முகம் தெளிவாகத் தெரிவதா, களைப்பு மறைவதா, வெளுப்பாகத் தெரிவதா? இவை மூன்றும் ஒன்றல்ல.

நரம்பு, தங்கம், கருவி

'அண்டர்டோன்' கண்டுபிடிக்க எளிய வழிகள் என்று இரண்டு சோதனைகள் பரவியிருக்கின்றன. மணிக்கட்டு நரம்பு நீலமாகத் தெரிந்தால் கூல், பச்சையாகத் தெரிந்தால் வார்ம் என்பது ஒன்று. நரம்பு ஏன் நீலமாகத் தெரிகிறது என்று அல்வின் கீன்லேவும் குழுவினரும் 1996இல் ஆராய்ந்தார்கள். நரம்பின் ஆழம், அகலம், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், சுற்றியுள்ள தோலோடு கண் செய்யும் ஒப்பீடு ஆகியவை சேர்ந்து அந்த நிறத்தை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் கண்டது. மெலனின் கூடிய தோலில் நரம்பு பச்சையாகத் தெரியவோ, தெரியாமலே போகவோ வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்தச் சோதனை அளப்பது உள்சாயலையா, தோலின் கருமையையா என்ற சந்தேகம் நியாயமானது.

மற்றொன்று தங்கமா வெள்ளியா என்ற சோதனை. டைட்டன் நிறுவனத்தின் நகைத் தொழிற்சாலை இயங்கும் ஓசூரில் இதைச் சொன்னால் எடுபடாது. இங்கே மஞ்சள் சாயல், நீலச் சாயல் என்று பார்க்காமல் பெண்கள் பெரும்பாலும் கழுத்தில் தங்கமும் காலில் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் அணிகிறார்கள். 22 காரட் தங்கம் 'பொருந்துகிறது' என்று கண் சொல்லும்போது, பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துப் பழகிய பழக்கத்தை அதிலிருந்து எப்படிப் பிரிப்பது?

கருவியால் அளக்கலாமே என்றால், அதற்கு வழி உண்டு. இரு சக்கர வாகனமும் லாரியும் தயாராகும் ஆலைகளின் பெயின்ட் பிரிவுகளில் நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து விடுவதில்லை. 1976இல் வகுத்த எல்-ஏ-பி என்ற மூன்று எண்களாகக் கருவி அதை அளக்கிறது. விளக்குப் பெட்டிக்குள் பகலொளி, குழல்விளக்கு, மஞ்சள் பல்பு என்று மாற்றியும் பார்க்கிறார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்து தெரியலாம் என்பதே காரணம். புடவையை வாசலுக்கு எடுத்துவருபவர் செய்வதும் இதே சோதனைதான். தோலுக்கும் அந்த எண்கள் பயன்படுகின்றன: எல், பி இரண்டையும் வைத்துக் கணக்கிடும் கோணம் ஒன்று, தோலை 'மிக வெளிர்' முதல் 'கருமை' வரை ஆறாகப் பிரிக்கிறது. 2023இல் சோனி நிறுவன ஆய்வாளர்கள், வெளிர்மை மட்டும் போதாது, சிவப்பிலிருந்து மஞ்சள்வரை செல்லும் சாயலையும் தனியாக அளக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 'அண்டர்டோன்' என்று சொல்லிவந்ததற்கு அளக்கத்தக்க பொருள் கொடுக்கும் முயற்சியாக இதைக் கொள்ளலாம். ஆயினும் ஒரே ஆளின் நெற்றி, கன்னம், முழங்கையின் உட்புறம் மூன்றும் வெவ்வேறு எண்களைத் தரும். தினமும் சூளகிரியிலிருந்து பைக்கில் வேலைக்கு வருபவரின் புறங்கை வெயில் காலத்தில் ஒன்றாகவும் மழைக் காலத்தில் வேறாகவும் இருக்கும்.

சோதனைச் சாலை இதுவரை சொன்னது

உடை நிறத்தையும் தோலையும் நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் குறைவு. அவற்றில் கவனத்துக்குரியது டேவிட் பெரெட்டும் ரைனர் ஷ்ப்ரெங்கல்மையரும் 2021இல் வெளியிட்டது. வெளிர் தோல் கொண்ட 6 முகங்களையும் வெயிலில் பழுத்த தோல் கொண்ட 6 முகங்களையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் உடை நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டு சோதனைகளில் முறையே 96 பேரும் 75 பேரும் பங்கேற்றார்கள். பொதுவாக எல்லோருக்கும் சிவப்பும் நீலமும் பிடித்தன. கூடுதலாக, வெளிர் தோலுக்கு நீலமும் பழுத்த தோலுக்கு ஆரஞ்சு, சிவப்பு வகைகளும் தேர்வாயின. பார்ப்பவர்களின் தேர்வில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது இதனால் உறுதிப்படுகிறது. ஆனால் 12 முகங்களும் வெள்ளையினப் பெண்களுடையவை. நான்கு பருவங்களுக்கோ 12 வகைகளுக்கோ இந்த முடிவு ஆதாரம் ஆகாது. வெளிர்மையைச் சார்ந்த ஒரு பெரிய போக்கை மட்டுமே அது காட்டுகிறது.

முகத்தில் எதை நாம் ஆரோக்கியம் என்று வாசிக்கிறோம் என்பதற்கு இன்னொரு திசையிலிருந்து வெளிச்சம் கிடைக்கிறது. காய்கனிகளிலிருந்து தோலில் சேரும் கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சள் சாயல், மெலனின் தரும் பழுப்பை விட ஆரோக்கியமாகத் தோன்றுவதாக இயன் ஸ்டீபனும் சகாக்களும் 2011இல் எழுதினார்கள். அந்த நிறமிக் குடும்பம் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளுக்குக் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று. மல்பெரி இலையிலிருந்து புழுவின் உடலுக்குப் போய்ப் பட்டுக்கூட்டை மஞ்சளாக்குவது அதுதான். மஞ்சள் கூடும் வெண்கூடும் தரும் இனங்களை ஓசூரில் உள்ள மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையம் பாதுகாத்துவருகிறது. நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கும்போது அந்த மஞ்சளில் பெரும்பகுதி போய்விடுகிறது. சாயக்காரருக்குக் கிடைப்பது வெண்பட்டு. தோலின் மஞ்சளை அப்படி நீக்க முடியாது; அது சாப்பாட்டோடு கூடும், குறையும். 'வார்ம்' என்று ஒருமுறை முத்திரை குத்தப்பட்டவர் வாழ்நாள் முழுக்க வார்ம் என்ற கூற்றை இது சற்று ஆட்டுகிறது.

நிற விருப்பம் தோலிலிருந்து வருவதில்லை, அனுபவத்திலிருந்து வருகிறது என்பார் உண்டு. தமக்குப் பிடித்த பொருள்களின் நிறமே மக்களுக்குப் பிடிக்கிறது என்று ஸ்டீபன் பாமரும் கேரன் ஷ்லாஸும் 2010இல் வாதிட்டார்கள். மாம்பழத் தோட்டங்களுக்கும் ரோஜாக் குடில்களுக்கும் நடுவே வளர்ந்தவர்களிடம் மாம்பழ மஞ்சளும் ரோஜாச் சிவப்பும் செல்லுபடியாவதை இந்தக் கோட்பாடு எளிதாக விளக்கிவிடும்; ஆனால் ஒரே ஊரில் அக்காவுக்குப் பிடித்தது தங்கைக்குப் பிடிக்காமல் போவதை அவ்வளவு எளிதாக விளக்காது. சிவப்பு உடை கவர்ச்சியைக் கூட்டும் என்று ஆண்ட்ரூ எலியட்டும் டேனியலா நீஸ்டாவும் 2008இல் சொன்னது பெரிதும் பேசப்பட்டது. 2016இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இந்தத் துறையில் பரபரப்பான முடிவுகளைப் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது.

சீருடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவே

பெர்சனல் கலர் நூல்கள் எல்லாமே தினமும் தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவரைக் கற்பனை செய்கின்றன. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட்டுக்குப் போகிறவர் அந்த ஆள் அல்ல. போச்சம்பள்ளி பக்கத்தில் ஓலா எலக்ட்ரிக் 2021இல் பெண்களே நடத்தும் ஆலை என்று அறிவித்தது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் பெருமளவில் பெண்களை வேலைக்கு எடுத்தது. இந்த வட்டாரத்தின் பல இளம்பெண்களுக்கு முதல் சம்பளமும் முதல் சீருடையும் ஒன்றாக வந்தன. சீருடையின் நிறத்தை அழுக்கு தெரியுமா, தூரத்திலிருந்து ஆள் தெரியுமா, பிரிவு தெரியுமா என்ற கணக்குகள் முடிவு செய்கின்றன. ஒளிரும் ஆரஞ்சு பாதுகாப்புச் சட்டை யாருக்கும் எடுப்பாக இருக்க வேண்டியதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் கண்ணில் பட்டால் போதும்.

அதனாலேயே வாராந்தர விடுமுறைக்கும் விசேஷத்துக்கும் எடுக்கும் ஒன்றிரண்டு உடைகளின் நிறம் அவர்களுக்குக் கூடுதல் கனம் பெறுகிறது. அந்த இடத்தில் 12 வகை அட்டை ஒன்றை நம்பி, இருக்கும் நல்ல துணிகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்வது பொறுப்பான அறிவுரை ஆகாது. இன்றுள்ள ஆதாரங்கள் தாங்கக்கூடிய அறிவுரை அதைவிடச் சிறியது: துணியைப் பகலொளியில் முகத்தருகே வைத்துப் பார்க்கலாம், முரண் வேண்டுமா இணக்கம் வேண்டுமா என்று முடிவு செய்யலாம், சந்தேகம் இருந்தால் ரவிக்கையையோ துப்பட்டாவையோ மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

தீராமல் நிற்பவை

தோலின் வெளிர்மைக்கும் உடை நிறத்துக்கும் உறவு உண்டு என்பது ஓரளவு நிறுவப்பட்டிருக்கிறது. பக்கத்து நிறம் தோலின் தோற்றத்தை மாற்றும் என்பது உறுதி. ஆளை நிரந்தரமாக ஒரு வகையில் நிறுத்தும் கூற்று அந்த அளவுக்கு நிறுவப்படவில்லை. ஒரே ஆளை, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், பல பகுப்பாய்வாளர்களிடம் அனுப்பினால் ஒரே வகை திரும்பத் திரும்ப வருமா என்பது இந்தத் தொழில் எதிர்கொண்டாக வேண்டிய முதல் சோதனை. கருமேனியில் முரணும் தெறிப்பொளியும் எந்த விகிதத்தில் வேலை செய்கின்றன என்பது அடுத்தது. பளபளப்பான பட்டிலும் இரட்டை நிறப் பட்டிலும் அந்த விகிதம் எப்படி மாறும் என்பதற்கு, மேலைநாட்டுச் சோதனைச் சாலைகளின் ஒற்றை நிறச் சட்டைகள் பதில் தராது.

இந்த ஆய்வுக்கு வேண்டியவை எல்லையின் இரு பக்கமும் இருக்கின்றன: நிறத்தை எண்ணால் அளக்கும் கருவிகள், இரண்டு பட்டு மரபுகள், வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்து ஒரே ஊரில் வாழும் பல நிறத்து மக்கள். அப்படி ஒரு ஆய்வு நடக்குமானால் அதன் வினாத்தாள்தான் மிகக் கவனமாக எழுதப்பட வேண்டியது. 'எது நன்றாக இருக்கிறது' என்று பொதுவாகக் கேட்டால், 'எது சிவப்பாகக் காட்டுகிறது' என்பதற்கான பதிலே திரும்பி வர வாய்ப்புண்டு. முகத்தின் தெளிவுக்கு ஒரு கேள்வி, வெளுப்புக்கு ஒரு கேள்வி, உடுத்தியவரின் சொந்த விருப்பத்துக்கு ஒரு கேள்வி என்று மூன்றையும் பிரித்துக் கேட்டு, பதில்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.